விழாத பல்லுக்கு எந்தத் தேதி எழுதுவது?

பல் சிகிச்சைக்கான காப்பீட்டு விதிகளை எழுதுகிறவர்களுக்கும், அவற்றுக்கு ஒப்புதல் தரும் அதிகாரிகளுக்கும்,

உங்கள் விண்ணப்பப் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. 'பல் இழந்த தேதி' என்று அதன் மேல் அச்சிட்டிருக்கிறீர்கள். அதை நிரப்பாமல் விண்ணப்பத்தை வாங்க மாட்டார்கள். என் மகளுக்கு நான்கு நிரந்தரப் பற்கள் இல்லை. அவை விழவில்லை, உடையவில்லை, சொத்தையாகிப் பிடுங்கவும் இல்லை. தாடைக்குள் உருவாகவே இல்லை. நான் எந்தத் தேதியை எழுதுவது? கவுன்டரில் இருந்தவரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பிறந்த தேதியைப் போட்டுடுங்கம்மா" என்றார். போட்டேன். மூன்று வாரம் கழித்து வந்த மறுப்புக் கடிதத்தில் முதல் காரணமே அதுதான்: பாலிசி தொடங்குவதற்கு முன்பே இழந்த பல்லுக்குக் காப்பீடு கிடையாது.

இரண்டாவது காரணம், பயனாளிக்கு 18 வயது முடிந்துவிட்டது. மூன்றாவது, கேட்கும் சிகிச்சை, அதாவது இல்லாத இடத்தில் செயற்கைப் பல் பொருத்துவது, அழகு சார்ந்தது.

மூன்று வரிகள். கையெழுத்து இல்லை, எந்தப் பல் மருத்துவர் பார்த்து முடிவெடுத்தார் என்ற விவரமும் இல்லை. அந்த மூன்று வரிகளுக்கு என் பதில்தான் இந்த மடல். என் மகளின் விண்ணப்பத்தைப் பார்த்த அலுவலகத்தின் மீது மட்டும் எனக்கு வருத்தம் இல்லை. அவர்கள் கையில் இருந்த விதிப்புத்தகம் உங்களுடையது. அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

மகளுக்கு எட்டு வயதில் மேல்வரிசையின் நடுப்பற்கள் இரண்டும் முளைத்துவிட்டன. அவற்றுக்கு இரு பக்கமும் இருந்த பால் பற்களில் ஒன்று விழுந்தது, மற்றொன்று விழாமல் அப்படியே இருந்தது. விழுந்த இடத்தில் எதுவும் வரவில்லை. "சில பிள்ளைகளுக்கு லேட்டாத்தான் வரும்" என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். ஒன்றரை வருடம் காத்திருந்தேன். ஒன்பதரை வயதில் ஒரு பல் மருத்துவர் முழு வாய் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம் என்றார்.

அந்தப் படம் இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. பால் பற்களுக்குக் கீழே, எலும்புக்குள், வரப்போகிற பற்கள் வெள்ளை மொட்டுகளாக வரிசை கட்டி நின்றன. மருத்துவர் பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார். "இது இருக்கு, இது இருக்கு, இது இருக்கு." மேலே நடுப்பல்லுக்குப் பக்கத்தில் வந்ததும் பேனா நின்றது. அங்கே எலும்பின் சாம்பல் நிறம் மட்டும்தான். மறு பக்கமும் அப்படியே. கீழே இரண்டு பக்கமும் கடைசிப் பால் கடைவாய்ப் பல்லின் வேர்களுக்கு நடுவே ஒரு மொட்டு இருக்க வேண்டும். அங்கேயும் இல்லை. "நாலு பல் உருவாகல" என்றார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எப்போ உருவாகும்?" என்று அவரிடம் கேட்டாள்.

இது அபூர்வமான நோய் ஒன்றும் இல்லை. ஞானப்பல்லை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், நூறு பேரில் ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒரு நிரந்தரப் பல்லாவது பிறவியிலேயே உருவாவதில்லை என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றோ இரண்டோதான் குறையும். அடிக்கடி வராமல் போவது கீழ்த்தாடையின் இரண்டாம் முன்கடைவாய்ப் பல், அதாவது கடைசிப் பால் கடைவாய்ப் பல் விழுந்த இடத்தில் வர வேண்டிய பல். அதற்கு அடுத்து மேல்வரிசையில் நடுப்பல்லுக்குப் பக்கத்துப் பல். என் மகளுக்கு இந்த இரண்டு வகையும் இரண்டு பக்கமும் இல்லை. ஆறு பற்களோ அதற்கு மேலோ இல்லாதவர்கள் ஆயிரத்தில் ஓரிருவர்.

காரணம் பெரும்பாலும் மரபணு. எம்.எஸ்.எக்ஸ்.1 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றத்துக்கும் உருவாகாத பற்களுக்கும் உள்ள தொடர்பு 1996-இல் தெரியவந்தது. பாக்ஸ்9 மரபணு 2000-இல். பிறகு டபிள்யூ.என்.டி.10ஏ உட்பட இன்னும் பல. எனக்கும் மேலே ஒரு பக்கத்துப் பல் கூம்பு போல ஒடுங்கித்தான் இருக்கிறது. அதுவும் இதே கோளாற்றின் லேசான வடிவம் என்று மகளின் எக்ஸ்ரே வந்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவள் பல் தேய்க்காததாலோ, இனிப்பு தின்றதாலோ, நாங்கள் கவனிக்காததாலோ வந்தது இல்லை இது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பில் இதற்குத் தனிக் குறியீடே இருக்கிறது: கே00.0. பல் வளர்ச்சிக் கோளாறுகள் என்ற தலைப்பில் முதல் வரியே இதுதான். உங்கள் கடிதத்தில் 'அழகு' என்று எழுதியவர் அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்திருந்தால் போதும்.

அழகு என்ற சொல்லைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மேலே இரண்டு பல் இல்லாத இடத்தில் மற்ற பற்கள் சும்மா நிற்பதில்லை. நடுப்பற்கள் விலகிப் போகும். கோரைப்பல் முன்னால் சாய்ந்து வரும். எதிர்வரிசைப் பல் வெற்றிடத்தை நோக்கி நீளும். பல் இருந்தால்தான் அதைத் தாங்கும் எலும்பு அகலமாக வளரும். வராத பல்லின் இடத்தில் எலும்பு கத்தி முனை போல ஒடுங்கிவிடுகிறது. கீழ்த்தாடையில் என் மகளுக்கு வலது பக்கத்துப் பால் பல் எலும்போடு ஒட்டிக்கொண்டது. பக்கத்துப் பற்கள் வளர்ந்து உயர, அது மட்டும் பள்ளத்தில் கிடந்தது. இரண்டு பக்கத்துப் பற்களும் அதன் மேல் சாயத் தொடங்கியதால் 13 வயதில் அதை எடுக்க வேண்டியதாயிற்று. இடது பக்கத்துப் பால் பல் இந்த 20 வயதிலும் உழைத்துக்கொண்டிருக்கிறது. அது விழுந்தால் அந்த இடத்தில் முளைக்க எதுவும் இல்லை. வலது பக்கம் மெல்ல முடியாமல் ஏழு வருடமாக ஒரே பக்கத்தில் மெல்லுகிற பெண்ணிடம் இது அழகுக்கான சிகிச்சை என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

சரி, முகத் தோற்றத்தையே பேசுவோம். அதுவும் சின்ன விஷயம் இல்லை. பத்து வயதிலிருந்து அவள் சிரிக்கும்போது இடது கை தானாக வாய்க்கு வரும். விரல்களைச் சேர்த்து, மூக்குக்குக் கீழே திரை போல வைத்துக்கொள்வாள். இப்போது முன்பல்லில் தற்காலிகப் பல் ஒட்டியிருக்கிறது, இடைவெளி தெரியாது. இருந்தும் அந்தக் கை இன்னும் வருகிறது. பத்து வருடப் பழக்கம்.

அவள் வகுப்பில் ஒரு பையன். 17 வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து மேல்வரிசையில் ஒரு பல் போய்விட்டது. அவனுக்குக் காப்பீடு கிடைத்தது. அந்தக் குடும்பத்துக்கு அது கிடைத்ததில் எனக்கு முழு மகிழ்ச்சி. கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் அதே இடத்தில், அதே பல். விபத்தில் போனால் மருத்துவம், பிறக்கும்போதே இல்லையென்றால் அழகு. இந்த வேறுபாட்டுக்கு மருத்துவக் காரணம் ஒன்று இருந்தால் எனக்கு எழுத்தில் சொல்லுங்கள். நான் கேட்ட நான்கு பல் மருத்துவர்களுக்கும் அப்படி ஒன்று தெரியவில்லை.

அடுத்து, பாலிசிக்கு முன்பே இழந்த பல் என்ற வரி. அவளுக்கு மூன்று வயதானபோது நாங்கள் பாலிசி எடுத்தோம். நடுப்பல்லுக்குப் பக்கத்து நிரந்தரப் பல் எல்லாக் குழந்தைகளுக்கும் எட்டு ஒன்பது வயதில்தான் முளைக்கும். கீழ் இரண்டாம் முன்கடைவாய்ப் பல் வர பதினொன்று, பன்னிரண்டு ஆகும். மூன்று வயதில் உலகத்தில் எந்தக் குழந்தையின் வாயிலும் அந்தப் பற்கள் இருக்காது. அப்படியிருக்க, அவள் மட்டும் அன்றைக்கே அவற்றை 'இழந்துவிட்டாள்' என்கிறீர்கள். பல் போன பிறகு பாலிசி எடுத்துவிட்டுச் செலவைக் கேட்கிறவர்களைத் தடுக்கத்தான் அந்த விதியை எழுதியிருப்பீர்கள். அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. மூன்று வயதுக் குழந்தைக்கும் அந்தத் தந்திரத்துக்கும் என்ன சம்பந்தம்?

இப்போது அந்த 18 வயது. எங்களை உண்மையில் உடைத்த வரி அதுதான்.

செயற்கைப் பல்லைத் தாங்க, வேருக்குப் பதிலாக எலும்பில் பதிக்கும் டைட்டானியம் திருகுதான் இம்ப்ளான்ட். அது இயற்கைப் பல்லைப் போல நகராது. இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது. தாடை வளரும்போது பல்லும் சேர்ந்து இறங்கி வரும். இம்ப்ளான்ட்டோ எலும்போடு நேரடியாக இணைந்துவிடும். வைத்த இடத்திலேயே நிற்கும். வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு வைத்தால் பக்கத்துப் பற்கள் வளர்ச்சியோடு கீழே வர, செயற்கைப் பல் மட்டும் மேலே சிக்கிக்கொண்டு குட்டையாகத் தெரியும். காத்திருப்பு அறையில் ஒரு அம்மாவைச் சந்தித்தேன். அவர் மகனுக்கு 15 வயதில் எங்கோ அவசரப்பட்டு இம்ப்ளான்ட் வைத்துவிட்டார்கள். நான் பார்த்தபோது அவனுக்கு 20. உதட்டை விலக்கிக் காட்டினான். நான்கு பற்களின் விளிம்பு ஒரே கோட்டில் இருக்க, நடுவில் ஒன்று மட்டும் படி ஏறியது போல மேலே நின்றது. அதன் ஈறும் மேலே ஏறியிருந்தது. அதைச் சரிசெய்வது புதிதாக வைப்பதைவிடக் கடினமாம்.

அதனால் பொறுப்பான எந்த மருத்துவரும் வளர்ச்சி முடியும்வரை காத்திருக்கச் சொல்வார். பெண்களுக்குப் பொதுவாக 17, 18-க்குப் பிறகு. பையன்களுக்கு 20, 21 கூட ஆகலாம். பிறந்த தேதியை மட்டும் பார்த்து அவர்கள் முடிவெடுப்பதில்லை. பக்கவாட்டு மண்டை எக்ஸ்ரே ஒன்று எடுத்து, பல மாதம் கழித்து இன்னொன்று எடுத்து, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்கிறார்கள். மாற்றம் இல்லையென்றால்தான் வளர்ச்சி நின்றதாக அர்த்தம். என் மகளுக்கு 18 வயதில் எடுத்த படத்துக்கும் 19 வயதில் எடுத்த படத்துக்கும் நடுவே வித்தியாசம் இல்லை. "இனி வைக்கலாம்" என்று மருத்துவர் சொன்ன அதே மாதம் நாங்கள் விண்ணப்பித்தோம். உங்கள் விதிப்படி அதற்கு ஒரு வருடம் முன்பே அவளுடைய உரிமை முடிந்திருந்தது.

மருத்துவம் 18-க்குப் பிறகு வா என்கிறது. உங்கள் விதி 18-க்குப் பிறகு வராதே என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கள் பிள்ளைகள் எந்த வயதில் வர வேண்டும்?

அதுவரை சும்மா இருந்தோம் என்று நினைத்துவிடாதீர்கள். பன்னிரண்டு வயதிலேயே கிளிப் போடும் மருத்துவர், செயற்கைப் பல் மருத்துவர், அறுவை மருத்துவர் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். இரண்டு வழி இருந்தது. கோரைப்பல்லை முன்னால் நகர்த்தி, அந்த இடைவெளியை மூடி, அதையே பக்கத்துப் பல் போலச் செதுக்கிக்கொள்வது ஒன்று. பலருக்கு அதுதான் நல்ல வழி, வாழ்நாள் முழுக்கச் சொந்தப் பல்லோடு போகலாம். இவளுக்குக் கோரைப்பல் மிகவும் பெரிது, நிறமும் அடர்த்தி, பற்கள் கடிக்கும் முறையும் அதற்கு இசையவில்லை. அதனால் இடத்தைத் திறந்து வைத்துப் பிற்பாடு பல் வைப்பது என்ற இரண்டாவது வழி. முன்கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்து இல்லாத இடத்தில் நடுவது பற்றியும் பேசினார்கள். வேர் முக்கால் பங்கு வளர்ந்திருக்கும் வயதில் செய்தால் அது நன்றாகப் பிடிக்குமாம். இவளுக்கு எடுக்கக் கூடுதல் பல் எதுவும் இல்லை.

கிளிப் சிகிச்சைக்கும் அன்று விண்ணப்பித்தோம். அதையும் அழகு என்று சொல்லி மறுத்தார்கள். சொந்தச் செலவில் செய்தோம். இரண்டரை வருடம் கம்பி. அப்புறம் கழற்றி மாட்டும் ரிடெய்னர், அதில் இரண்டு செயற்கைப் பற்கள். அது இருந்தால் 'ச' சொல்ல வராது. இல்லாவிட்டால் வாயில் இரண்டு ஓட்டை. சாப்பிடும்போது அதைக் கழற்றிச் சின்னப் பெட்டியில் வைத்து, மடியில் மறைத்துக்கொள்வாள். மூன்று முறை உடைந்தது. 16 வயதில் அதற்குப் பதிலாக ஒட்டுப் பிரிட்ஜ் வைத்தார்கள். பக்கத்துப் பல்லைச் சீவாமல், அதன் பின்பக்கம் மெல்லிய சிறகு போல ஒரு தகட்டை ஒட்டி அதில் பல் நிற்கும். நல்ல ஏற்பாடுதான், ரிடெய்னரோடு ஒப்பிட்டால் விடுதலை. ஆனால் ஒருநாள் வகுப்பில் எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பக்கம் கழன்று நாக்கில் விழுந்தது. அவள் வாயை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பேச வேண்டியதைப் பாதியில் நிறுத்தியதற்கு மதிப்பெண் குறைத்தார்கள். காரணத்தை அவள் ஆசிரியரிடம் சொல்லவில்லை.

இப்போது அவளுக்குத் தேவை, ஒடுங்கிய எலும்பை அகலப்படுத்தும் சிகிச்சையும் மூன்று இம்ப்ளான்ட்டும். மேலே இரண்டு, கீழே வலது பக்கம் ஒன்று. தாமதிக்கத் தாமதிக்கச் சேதம் கூடுகிறது. கம்பியால் நேராக்கி நிறுத்திய வேர்கள் மெல்லத் திரும்பிச் சாய்கின்றன. இம்ப்ளான்ட்டுக்கும் பக்கத்து வேருக்கும் நடுவே ஒன்றரை மில்லிமீட்டராவது எலும்பு வேண்டும். அந்த இடம் குறைந்துவிட்டால் மறுபடி கம்பி போட வேண்டும். இரண்டரை வருட உழைப்பும் வீணாகும்.

மறுப்புக் கடிதத்தின் கீழே ஒரு மாற்று வழி சொல்லியிருந்தார்கள். செலவு குறைந்த சிகிச்சையாகக் கழற்றி மாட்டும் பல் செட்டுக்கு மட்டும் ஒரு பகுதியைத் தரலாமாம், அதுவும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. முதுமையில் பல் போனவர்களை மனதில் வைத்து எழுதிய விதி இது. 20 வயதுப் பெண் இன்னும் அறுபது வருடம் இந்த வாயோடு வாழ வேண்டும். ஈறின் மேல் உட்காரும் பல் செட் எலும்பைக் காப்பாற்றாது. பக்கத்துப் பற்களைச் சுற்றி அழுக்குச் சேரும். இருக்கிற நல்ல பற்களையும் சேர்த்து இழக்கிற வழியை மலிவு என்று கணக்குப் போடுவது சரியில்லை.

தொலைபேசியில் பேசிய ஒரு அதிகாரி, "ஜப்பான்ல பல் முளைக்க வைக்கிற மருந்தே வரப்போகுதாமே, கொஞ்சம் பொறுங்களேன்" என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அந்த ஆராய்ச்சியைப் பற்றி நானும் ஆசையோடு படித்திருக்கிறேன். யு.எஸ்.ஏ.ஜி-1 என்ற புரதத்தைத் தடுத்தால் எலிகளில் கூடுதல் பல் முளைத்தது என்று கட்சு தகாஹாஷியின் குழு 2021-இல் வெளியிட்டது. 2024-இல் கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில் மனிதர்களிடம் முதல் சோதனை தொடங்கியது. பாதுகாப்பானதா என்று பார்க்க, வளர்ந்த ஆண்களிடம் நடத்தும் முதல் கட்டம் அது. அடுத்து, பல பற்கள் உருவாகாத சின்னக் குழந்தைகளுக்குத் தருவது அவர்கள் திட்டம், 2030 அவர்கள் குறிக்கோள். அது பலித்தால் இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்கு விடிவு. எலும்பு கரைந்துகொண்டிருக்கும் என் மகளிடம் காத்திரு என்று சொல்ல அதைக் காரணமாக்காதீர்கள்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். இம்ப்ளான்ட் என்பது பணக்காரர்களின் ஆடம்பரம் என்ற எண்ணம் உங்கள் விதிகள் முழுக்கத் தெரிகிறது. 1965-இல் சுவீடனில் பேராசிரியர் பெர்-இங்வார் பிரோனமார்க் முதன்முதலில் டைட்டானியம் இம்ப்ளான்ட் பொருத்தியது யோஸ்தா லார்சன் என்பவருக்கு. பிறவியிலேயே தாடைக் குறைபாடும் பற்கள் இல்லாத நிலையும் கொண்டவர் அவர். அந்த இம்ப்ளான்ட்டுகளோடு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். இந்த மருத்துவம் தொடங்கியதே என் மகளைப் போன்ற ஒருவரிடம்தான். அவர்களையே வரிசையிலிருந்து வெளியே தள்ளியிருக்கிறீர்கள்.

மாற்ற முடியாத விதி இல்லை இது. இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ், அரசுச் செலவில் இம்ப்ளான்ட் யாருக்குத் தரலாம் என்று வகுத்த வழிகாட்டுதலில் பிறவியிலேயே பற்கள் உருவாகாதவர்களைத் தெளிவாகச் சேர்த்திருக்கிறது. அமெரிக்காவில் பிறவிக் குறைபாடுகளுக்கான பல் சிகிச்சையைக் காப்பீடு மறுக்கக் கூடாது என்ற மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 2022-இல் நிறைவேற்றியது. சட்டமாக வேண்டும் என்று அங்கே பெற்றோர்கள் இன்னும் போராடுகிறார்கள். யோசிக்க முடிகிறவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

என் மகளைவிடக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளைகளை அதே காத்திருப்பு அறையில் பார்த்தேன். எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா என்ற நிலையில் முடி மெலிந்து, வியர்வை சுரக்காமல், வாயில் இரண்டே இரண்டு கூரான பற்களோடு ஒரு நான்கு வயதுக் குழந்தை. அந்த வயதிலேயே அவனுக்குப் பல் செட். தாடை வளர வளர அதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒன்று என்ற உங்கள் கணக்கு அவனுக்கு என்ன செய்யும்? ஒன்பது வயதில் ஒன்றாம் வகுப்புச் செருப்பைப் போட்டுக்கொள்ளச் சொல்வது போலத்தான்.

இவை என் கோரிக்கைகள்.

பிறவியில் உருவாகாத நிரந்தரப் பல்லுக்கான சிகிச்சையை அழகு சிகிச்சைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். அதை வளர்ச்சிக் கோளாறாக, கே00.0 என்ற குறியீட்டின்படியே ஏற்றுக்கொள்ளுங்கள்.

'பாலிசிக்கு முன்பே இழந்த பல்' என்ற விதி உருவாகாத பல்லுக்குப் பொருந்தாது என்று ஒரு வரி சேருங்கள். படிவத்தில் 'பல் இழந்த தேதி' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'பல் உருவாகவில்லை' என்று இன்னொரு கட்டம் போடுங்கள். அதற்குச் சான்றாக எக்ஸ்ரே போதும்.

18 வயது வரம்பை இவர்களுக்கு எடுத்துவிடுங்கள். 18-க்குள் கண்டறியப்பட்டு, சிகிச்சைத் திட்டம் பதிவாகியிருந்தால், வளர்ச்சி நின்றதாக மருத்துவர் சான்று தந்த பிறகு நிரந்தரப் பல் பொருத்தி முடிக்கும்வரை அந்த உரிமை தொடர வேண்டும். பிறகு அந்தப் பல்லின் பராமரிப்புக்கும் மாற்றத்துக்கும் கூட.

கிளிப், தற்காலிகப் பல், எலும்புச் சிகிச்சை, இம்ப்ளான்ட் அல்லது பிரிட்ஜ் எல்லாவற்றையும் ஒரே திட்டமாகப் பாருங்கள், துண்டு துண்டாக மறுக்காதீர்கள். இடைவெளியை மூடுவதா, பல் வைப்பதா என்பதை அந்தப் பிள்ளையைப் பார்க்கிற மருத்துவர்கள் முடிவு செய்யட்டும். செலவு குறைந்த மாற்று என்ற விதியை 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் காட்டாதீர்கள். வளரும் குழந்தைகளின் பல் செட்டுக்கு ஐந்து வருடக் கணக்கையும் நீக்குங்கள்.

ஒரு பக்கத்துப் பல் முளைத்து ஆறு மாதமாகியும் மறு பக்கத்துப் பல் வரவில்லையென்றால் எக்ஸ்ரே எடுப்பதற்கான செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். நான் ஒன்றரை வருடம் காத்திருந்தது போல இன்னொரு அம்மா காத்திருக்கக் கூடாது.

இந்தக் காரணங்களால் இதுவரை மறுத்த விண்ணப்பங்களைத் திரும்ப எடுத்து, செயற்கைப் பல் மருத்துவத்திலோ பல் சீரமைப்பிலோ தகுதி பெற்ற ஒருவரைக் கொண்டு பரிசீலியுங்கள். முடிவை அவர் பெயரோடும் கையெழுத்தோடும் காரணத்தோடும் அனுப்புங்கள். என் மகளின் விண்ணப்பத்தை அடுத்த வாரம் மறுபடி அனுப்புகிறேன். 'பல் இழந்த தேதி' என்ற கட்டத்தை இந்த முறை காலியாக விடுகிறேன். அதற்காக அதைத் திருப்பி அனுப்ப வேண்டாம். 60 நாளுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
நான்கு பற்கள் உருவாகாத ஒரு பெண்ணின் அம்மா